தங்கச்சி வேளாண் சூழலியல்தான் படிப்பேன் என்கிறாள்: எங்கே சேர்ப்பது, என்ன வேலை கிடைக்கும்?

பண்ணைக்காட்டுக்காரன் | மே 12

வணக்கம். இத்தனை நாளும் இங்கே மிளகு விலை பார்த்துவிட்டு ஓடிவிடுவேன். முதல் தடவையாக ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

ஊர் கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு பக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, உயிரியல் பிரிவு. மதிப்பெண் நன்றாகவே வந்திருக்கிறது. வீட்டில் மூன்றரை ஏக்கர். காப்பி, ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை, ஓரமாக ஒரு சவ்சவ் பந்தல்.

போன வருடம் தோட்டக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் கிராமத் தங்கலுக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். அவர்களோடு இரண்டு நாள் தோட்டம் தோட்டமாகச் சுற்றினாள். நிழல் மரம் எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணினார்களாம். எங்கள் தோட்டத்தில் 17 வந்ததாம். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் "இதுக்கெல்லாம் வேளாண் சூழலியல்னு ஒரு படிப்பே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இங்கே அன்றிலிருந்து பிடிவாதம்.

அப்பாவுக்கு நர்சிங் சேர்க்க ஆசை. "மண்ணைக் கிண்ட நாலு வருஷம் காலேஜா? தோட்டத்துக்கு வரச் சொல்லு, நானே சொல்லித் தர்றேன், கூலியும் தர்றேன்" என்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பட்டப்படிப்பு இருக்கிறதா? படித்தால் அரசு வேலைக்கு எழுத முடியுமா? அரசு வேலை இல்லையென்றால் வேறு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

பழைய தோட்டக்கலை | மே 13

தம்பி, நான் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயரில் மயங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலையில் அந்தப் பெயரில் படிப்பு கிடையாது. பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் என்று நாலு வருடப் படிப்புகள் இருக்கின்றன. தங்கை தேடும் விஷயம் இவற்றுக்குள் உழவியல், மண்ணியல், பூச்சியியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று நாலு துறையாகச் சிதறிக் கிடக்கும். அவள்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 சட்டத்தில் வேளாண் படிப்புக்கும் வந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நாளில் தலைமை ஆசிரியர் லீவில் இருப்பார்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உங்கள் மலையின் காலடியில்தான் இருக்கிறது. வனவியல் என்றால் மேட்டுப்பாளையம். காந்திகிராமத்திலும் பி.எஸ்சி. வேளாண்மை உண்டு, அங்கே சேர்க்கை முறை தனி.

இனி அரசு வேலை. டி.என்.பி.எஸ்.சி.யில் வேளாண்மை அலுவலர் என்றால் பி.எஸ்சி. வேளாண்மை கேட்பார்கள். தோட்டக்கலை அலுவலர் என்றால் பி.எஸ்சி. தோட்டக்கலை. பட்டத்தின் பெயர் மாறினால் "இது அதற்குச் சமம்" என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். அந்தக் காகிதத்துக்காக அலைந்து வயது வரம்பைக் கடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இளநிலையில் பெயர் பழையதாகவே இருக்கட்டும். புதுப்பெயர் எல்லாம் முதுநிலையில் வைத்துக்கொள்ளலாம்.

"சூழல் வேளாண்மை", "நிலைத்த விவசாயம்" என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்து மூன்று வருடப் படிப்பை விற்கிறவர்கள் போன் செய்வார்கள். வைத்துவிடுங்கள்.

நிழல்மரம் | மே 13

பழைய தோட்டக்கலை ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வாசல் கதவு மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டாமா?

நான் தோட்டக்கலை முடித்து, பூச்சியியலில் எம்.எஸ்சி. செய்தவள். இப்போது கீழ்மலையில் ஒரு காப்பி உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை. உங்கள் அப்பாவுக்குப் புரிகிற ஒரு உதாரணமே சொல்கிறேன். அராபிகா காப்பியில் போரர் என்ற வண்டு விழும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று புத்தகத்தில் இருக்கும். இலை மஞ்சளாகும், செடி தொய்யும், ஒரு காற்றுக்குத் தண்டு மளுக்கென்று முறியும். உள்ளே பார்த்தால் அந்த வண்டின் புழு சுரங்கம் தோண்டிப் பொடியை அடைத்து வைத்திருக்கும்.

இந்த வண்டு வெயில்காரி. சுள்ளென்று வெயில் அடிக்கும்போதுதான் பறக்கும், வெயில் படுகிற தண்டில் பட்டை வெடிப்பாகப் பார்த்து முட்டை வைக்கும். ஏப்ரல், மே ஒரு தடவை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு தடவை பறக்கும் காலம். விலை வருகிறதே என்று நிழல் மரத்தை வெட்டி விற்றவர்கள் தோட்டத்தில் இரண்டு மூன்று வருடத்தில் போரர் ஏறும். அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். புழு தண்டுக்குள் இருக்கிறது, மருந்து தண்டுக்கு வெளியே வழிகிறது. என்ன பிரயோஜனம்?

பூச்சியியல் மட்டும் படித்தவருக்கு இது பூச்சிப் பிரச்சினை. மரம் ஏன் வெட்டப்பட்டது, காப்பி விலை என்ன ஆனது, கடன் எவ்வளவு, எந்த மரத்தை நட்டால் எத்தனை வருடத்தில் நிழல் திரும்பும், அதுவரை வருமானத்துக்கு வாழையா சவ்சவ்வா என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பவர்தான் வேளாண் சூழலியல்காரர். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலும், பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் தடியன்குடிசையிலும் இருக்கின்றன. தங்கையை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பண்ணைக்காட்டுக்காரன் | மே 13

அக்கா, ராத்திரி போனில் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "இது எனக்கு எங்க அப்பன் காலத்துல இருந்து தெரியும். உச்சி வெயில் விழுந்தா செடி போச்சு. சரி, அந்தப் புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். "எனக்குத் தெரிஞ்சதையே அவ காசு கட்டிப் படிச்சா, அவளுக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

மேல்மலைப் பூண்டு | மே 14

அப்பா கேட்டதுதான் கேள்வி. நான் பூம்பாறைப் பக்கம், பூண்டும் உருளையும் கேரட்டும் போடுகிறவன். சூழல் படித்தவர்களால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் வந்தார்கள். எது என்று சொல்ல விரும்பவில்லை. நல்ல பிள்ளைகள்தான், பேச்சு தேன். இந்தப் போகத்திலிருந்து உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், கரைசல் மட்டும் போதும் என்றார்கள். அரை ஏக்கரில் செய்து பார்த்தேன். பூண்டு கோலிக்குண்டு சைசுக்கு நின்றது. வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டு போனால் இயற்கைப் பூண்டு என்று தனி விலை யார் தருகிறார்? பொடிப்பூண்டு என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அடுத்த போகத்துக்கு அந்தப் பிள்ளைகள் வரவில்லை. திட்டம் முடிந்துவிட்டதாம். என் நஷ்டம் எந்த அறிக்கையிலும் இல்லை, ஆனால் நான் கரைசல் ஊற்றும் போட்டோ மட்டும் அட்டைப்படத்தில் வந்தது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம். என் மூட்டைக்கு அதனால் எத்தனை ரூபாய் கூடியது என்று படித்தவர்கள் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

நிழல்மரம் | மே 14

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். அரை ஏக்கரை ஒரே போகத்தில் திருப்பச் சொன்னது படிப்பின் கோளாறு இல்லை, படிக்காததன் கோளாறு. பல வருடம் ரசாயன உரம் தின்று பழகிய மண் ஒரு போகத்தில் மாறாது. இயற்கை விளைபொருள் சான்றிதழ் விதியே ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருடம், காப்பி மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாற்றுக் காலம் என்று வைத்திருக்கிறது. அந்த இடைக்காலத்தில் விளைச்சல் இறங்கும், விலையும் ஏறாது. அந்தப் பள்ளத்தை விவசாயி எப்படித் தாண்டுவது என்று முதல் நாளே பேசாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. நானாக இருந்தால் நாலு பாத்தியில் மட்டும் ஆரம்பித்து, பக்கத்திலேயே உங்கள் வழக்கப்படி நாலு பாத்தியையும் விட்டு, இரண்டையும் எடை போட்டிருப்பேன்.

இதிலேயே ஒரு வேலையும் இருக்கிறது. நான் முதலில் பார்த்தது சான்றிதழ் ஆய்வாளர் வேலைதான். கோயம்புத்தூரில் மாநில அரசின் அங்ககச் (இயற்கை விளைபொருள்) சான்றளிப்புத் துறை இருக்கிறது, தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போய்ப் பக்கத்து நிலத்திலிருந்து மருந்து பறந்து வருகிற தூரத்தில் தடுப்பு வேலி உண்டா, சாணம் எங்கே வாங்கினார், அறுத்ததும் விற்றதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஏக்கரில் விளையவே முடியாத அளவுக்கு மிளகு ரசீது இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. பாதி வேலை மண், பாதி வேலை கணக்குப் புத்தகம். சேர்ந்தபோது எனக்கு 16 ஆயிரம் கொடுத்தார்கள். நர்சிங் முடித்த என் தோழி அப்போது என்னை விடக் கூடுதலாக வாங்கினாள். ஒளிக்க என்ன இருக்கிறது.

குரங்குத்தொல்லை | மே 14

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பன்னியூர் மிளகு நாற்று தாண்டிக்குடி பக்கம் யாரிடம் கிடைக்கும்?

மட்டுறுத்துநர் | மே 14

நாற்றுக்குத் தனி இழை இருக்கிறது ஐயா. போன மாதமும் இதே கேள்வியை வேறு இழையில் கேட்டீர்கள்.

கோத்தகிரி குளிர் | மே 15

நீலகிரியிலிருந்து ஒரு குரல். இரண்டு மலைக்கும் கதை ஒன்றுதான்.

1961-ல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், இந்தியாவிலேயே முதல் தடவை. அந்தக் கூடு மண்ணுக்குள் பல வருடம் சும்மா கிடக்கும், பக்கத்தில் உருளை வேர் விட்ட வாசம் பட்டால்தான் விழிக்கும். எனவே மருந்தை விட, எந்தப் பயிருக்கு அப்புறம் எந்தப் பயிர் என்பதில்தான் விடை இருந்தது. முத்தொரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி எதிர்ப்புத் திறனுள்ள ரகமும் பயிர்ச் சுழற்சியும் சேர்ந்துதான் அதை ஓரளவு பிடித்து வைத்தன. ஆனால் சுழற்சியில் உருளையை நிறுத்தினால் அந்தப் போகத்துக் காசுக்கு விவசாயி எங்கே போவார்? விலை சொன்ன பயிர் கேரட் என்றால் எல்லோரும் கேரட்டே போடுவார்கள். இதைப் படிக்கத்தான் ஆள் வேண்டும்.

வேலை விஷயம். ஊட்டியில் 1954-லிருந்து மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வெலிங்டனில் கோதுமை நிலையம் இருக்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் 1993-லிருந்து தேன், பழங்குடி மக்களின் விளைபொருள், விதை என்று வேலை செய்கிறது. இப்படி இடங்களில் களப்பணியாளர், ஆராய்ச்சி உதவியாளர் என்று ஆள் எடுப்பார்கள்.

நான் வேறொரு திட்டத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். சரிவில் ஒரு பாத்தி, கீழே ஒரு தொட்டி. மழை விட்டதும் தொட்டியில் நின்ற கலங்கல் தண்ணீரைக் கலக்கிவிட்டு ஒரு லிட்டர் பாட்டிலில் பிடிக்க வேண்டும். அதை அடுப்பில் காய வைத்து மிஞ்சும் மண்ணை எடை போட வேண்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும். எங்கள் தொட்டி எங்கே போனது என்றே தெரியவில்லை, எடை போட மண்ணும் இல்லை, பாத்தியும் இல்லை. அதை அறிக்கையில் "தரவு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் எழுதினோம்.

அந்தத் திட்டத்தில் நாலு மாதம் சம்பளம் வரவில்லை. திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. தங்கைக்கு ஒப்பந்த வேலை என்றால் என்ன என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

ஜாமீன் கையெழுத்து | மே 15

பி.எஸ்சி. வேளாண்மை முடித்து வங்கியில் விவசாயக் கள அலுவலராக இருப்பவன் நான். ஐ.பி.பி.எஸ். தேர்வு. நாலு வருடப் பட்டம் கேட்பார்கள். வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், வேளாண் காடு வளர்ப்பு எல்லாம் பட்டியலில் உண்டு. அப்பாவிடம் "பேங்க் ஆபீசர்" என்று சொல்லுங்கள், நர்சிங் பேச்சு நின்றுவிடும்.

நிஜம் என்னவென்றால் வருடத்தில் பாதி நாள் நகைக்கடன், மீதி நாள் வசூல். தோட்டம் பார்க்கப் போவது கடன் கொடுக்கும் முன் ஒரு தடவை, திருப்பிக் கட்டாதபோது இன்னொரு தடவை. ஆனால் ஒன்று. காப்பியும் மிளகும் வாழையும் கலந்து போட்டவருக்கு எந்தப் பயிரின் அளவுப்படி கடன் எழுதுவது என்று படிவம் விழிக்கும். அங்கே படித்தது உதவும். என் கிளையில் கலப்புத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கூட முழுசாகக் கைவிரித்ததில்லை. ஒற்றைப் பயிர்க்காரர்கள் கதை வேறு. இதைப் புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், என் மேசையிலிருந்து பார்த்தது.

மேல்மலைப் பூண்டு | மே 15

இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயா எந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்? மண்ணைத் தொட்டவனுக்குப் பட்டம் எதற்கு?

பழைய தோட்டக்கலை | மே 15

பட்டம் வைத்துக்கொண்டுதான் போனார் தம்பி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே செய்யும் ஆராய்ச்சி மானாவாரிக்காரனுக்குப் பயன்படவில்லை என்று விட்டு வந்தார். உள்ளே இருந்து பார்த்ததால்தான் எது பொய் என்று அவரால் அடித்துப் பேச முடிந்தது.

விட்சன்ஹவுசன் தமிழன் | மே 16

முதுநிலை பற்றி யாரும் எழுதவில்லை. நான் வத்தலக்குண்டுக்காரன், இப்போது ஜெர்மனியில். கோட்டிங்கன், காசல் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு நிலைத்த வேளாண்மை எம்.எஸ்சி. ஆங்கிலத்தில் பாடம். படிப்புக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும். ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதா மாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. இங்கேதான் நம் வீட்டில் நிலப்பத்திரம் வெளியே வரும். யோசித்துச் செய்யுங்கள். நார்வேயில் ஓஸ் நகரில் வேளாண் சூழலியல் என்ற பெயரிலேயே நல்ல எம்.எஸ்சி. இருக்கிறது. முன்பு எல்லோருக்கும் இலவசம், 2023-லிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஏஜென்ட் பழைய கதையைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

விட்சன்ஹவுசன் ஊரில் இருக்கும் எங்கள் வளாகத்தில் ஒரு வேடிக்கை. 1898-ல் ஜெர்மன் காலனிகளுக்குத் தோட்டம் நடத்த ஆள் தயார் செய்யும் பள்ளி இருந்த இடம் இது. அந்தக் காலத்துத் தொடர்ச்சியாக ஒரு வெப்பமண்டலக் கண்ணாடிக் கூடம் இருக்கிறது. உள்ளே காப்பி, வாழை எல்லாம் பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. முதல் குளிர்காலத்தில் ஊர் நினைப்பு வந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். இன்று அதே ஊரில் இயற்கை வேளாண்மைக்கென்று தனிப் புலமே இருக்கிறது.

படிப்பு முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்றால், என் வகுப்பில் ஒருத்தி காப்பி இறக்குமதி நிறுவனத்தில் கொள்முதல் பகுதிக்குப் போனாள், ஒருவன் முனைவர் பட்டத்துக்கு, இரண்டு பேர் சான்றிதழ் நிறுவனத்துக்கு, ஒருவன் அப்பாவின் மாட்டுப் பண்ணைக்கு. நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதையும் எழுதிவிட வேண்டும் அல்லவா.

சிறுமலை வாத்தியார் | மே 17

எல்லோரும் வேலை வேலை என்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு அவள் மலையிலேயே ஒரு கேள்வி காத்திருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

விருப்பாட்சி மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் ருசி. கெட்டியான சதை, தண்ணீர் குறைவு, எளிதில் கெடாது. எங்கள் சின்ன வயதில் காப்பிக்கு நிழலே வாழைதான், ஒரு தடவை வைத்த கன்று பக்கக்கன்று விட்டு வருடக்கணக்கில் நிற்கும். அப்புறம் முடிக்கொத்து வந்தது. இலை குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். தோட்டம் தோட்டமாகப் போய்விட்டது.

பிற்பாடு நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வந்தது. நல்ல கன்று. நான் வைத்தேன். மூன்றாம் வருடம் மறுபடி கொத்து. ஏன்? மேலே இருக்கும் தோட்டக்காரர் சென்னையில் இருக்கிறார். அவர் தோட்டத்தில் பழைய நோய் மரங்கள் கேட்பாரற்று நிற்கின்றன. அசுவினிக்கு வேலி தெரியுமா? என் கன்று எவ்வளவு சுத்தமாக இருந்தால் என்ன.

பத்துத் தோட்டக்காரர்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, ஒரே வாரத்தில் நோய் மரத்தை எல்லாம் தூரோடு தோண்டி எடுக்கச் சம்மதிக்க வைக்கும் வேலையை எந்த ஆய்வுக்கூடமும் செய்யாது. ஊர்க்கூட்டத்துக்கு அசுவினி தெரியாது, பூச்சியியல்காரருக்கு ஊர்க்கூட்டம் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரு ஆள் இந்த மலைக்கு வந்தால் நான் என் தோட்டத்தையே எழுதிக் கொடுப்பேன். (வீட்டுக்காரி படிக்கிறாள், கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன்.)

மேல்மலைப் பூண்டு | மே 17

வாத்தியார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி ஆள் வந்தால் என் நாலு பாத்தியையும் தருகிறேன். போட்டோ எடுக்கக் கூடாது.

நிழல்மரம் | மே 18

பண்ணைக்காட்டுத் தம்பிக்குத் தனியாக ஒரு விஷயம். பெண்பிள்ளை என்பதால் எழுதுகிறேன்.

களப்பணி என்றால் காலை ஆறரைக்கு ஒரு ஊர், மதியம் ஒரு ஊர். மலையில் கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி எங்கே? இந்த ஒரு காரணத்துக்காகவே என் வகுப்பில் நன்றாகப் படித்த மூன்று பேர் களவேலையை விட்டு மேசை வேலைக்குப் போனார்கள். கல்லூரியில் சேருவதற்குள் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள். வளைவும் மேடும் உள்ள ரோட்டில் கியர் வண்டி. நான் மூன்று வேலை வாங்கியதில் இரண்டு "ஓட்டுநர் உரிமம் உண்டு" என்ற வரியால்தான்.

இன்னொன்று, எழுதுவது. எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது பட்டத்தைப் பார்ப்போம், அப்புறம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்வோம். பத்தில் எட்டுப் பேர் புத்தகத்தில் படித்ததை எழுதுவார்கள். அந்தத் தோட்டத்தைப் பார்த்து எழுதுகிறவர்களுக்குத்தான் வேலை.

அரசுப் பக்கமும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கை வந்தது. 2024 நவம்பரில் மத்திய அரசு இயற்கை வேளாண்மைக்கு 2,481 கோடியில் தனி இயக்கம் அறிவித்தது. இடுபொருள் மையம், பயிற்சியாளர் என்று வேலைகள் வரும், எல்லாம் நிரந்தரம் என்று சொல்ல மாட்டேன்.

பண்ணைக்காட்டுக்காரன் | மே 18

எல்லோருக்கும் நன்றி. அப்பாவை ஞாயிற்றுக்கிழமை தடியன்குடிசைக்கு அனுப்பினேன். ஞாயிறு மூடியிருந்தது, திட்டிவிட்டார். திங்கள் மறுபடி அவரே கிளம்பிப் போயிருக்கிறார், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. அங்கே பட்டர் ஃப்ரூட் ஒட்டுச்செடி பார்த்துவிட்டு இரண்டு வாங்கி வந்திருக்கிறார். நர்சிங் பேச்சு நேற்றிலிருந்து இல்லை.

பண்ணைக்காட்டுக்காரன் | ஜூலை 9

பெரியகுளம் கிடைத்துவிட்டது. தோட்டக்கலை. சேர்வதற்கு முன்பே ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டாள், கீழே அவளே எழுதுகிறாள்.

பண்ணைக்காட்டுக்காரி | ஜூலை 9

வணக்கம். நிழல்மரம் அக்காவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் அடியில் ஒரு குழியும், முள்முருங்கை அடியில் ஒரு குழியும் தோண்டி மண்புழு எண்ணினேன். சில்வர் ஓக் அடியில் 4, முள்முருங்கை அடியில் 19. சில்வர் ஓக் இலை மேலே காய்ந்து அப்படியே கிடக்கிறது, விரலால் எடுத்தால் முழு இலையாக வருகிறது. முள்முருங்கை இலை எடுக்க வரவில்லை, பிசுபிசுவென்று மண்ணாகிவிட்டது. முள்முருங்கை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் மரம் என்று பாடத்தில் படித்தேன். அதனால்தானா?

நிழல்மரம் | ஜூலை 9

இருக்கலாம். இரண்டு குழியையும் ஒரே நாளிலா தோண்டினாய்?

பண்ணைக்காட்டுக்காரி | ஜூலை 9

இல்லை அக்கா. சில்வர் ஓக் சனிக்கிழமை. முள்முருங்கை செவ்வாய்க்கிழமை. நடுவில் நல்ல மழை.

நிழல்மரம் | ஜூலை 9

அப்படியென்றால் 19 மரத்துக்கா மழைக்கா? மறுபடி தோண்டு. ஒவ்வொரு மரத்தடியிலும் மூன்று குழி, தூரிலிருந்து ஒரே தூரம். 25 சென்டிமீட்டர் நீள அகலம், 30 ஆழம். எல்லாம் ஒரே காலையில். மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் பிரித்து எண்ணு, எண்ணி முடித்ததும் புழுவைத் திருப்பி விட்டுவிடு. நோட்டில் தேதி, மழை, நேரம் எழுது.

பண்ணைக்காட்டுக்காரி | ஜூலை 10

ஆறு குழி என்றதும் அப்பா சிரித்தார். காலையில் காப்பி கூடக் குடிக்காமல் மம்பட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். டேப்பை மறந்து போய் இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறேன், எண்ணி முடித்துவிட்டு எழுதுகிறேன்.